முத்துவுக்காக ஜெபித்த சபை

எங்கள் இறையியல் கல்லூரியில் நான் எடுத்த, சபையின் கோட்பாடுகளைச் சொல்லும் உபதேசப் பாடத்தை இப்போது பிரியா எடுக்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள்.

"டீச்சர், பசங்க ஒரு கதை சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. நீங்க ஒரு ஊரையே மிஷினுக்கு ஜெபம் பண்ண வச்சீங்களாமே, நெசமா?"

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான். இப்பப் பாதிப் பேரு பிரசங்கத்தையே கம்ப்யூட்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாரானுக. பிடிச்சுக் கேட்டா, 'ரூபி டீச்சர் காலத்துலயே மிஷினு ஆலயத்துக்குள்ள வந்துருச்சு மேடம்'னு என்னையவே மடக்குறானுக. என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பாதிரிமார் படிக்கிற இடத்தின் வாயை மூட அந்த ஆண்டவராலும் முடியாது. ஒரு ஊரே ஜெபித்தது என்பது பொய். அது ஒரு சின்னச் சபை. நான் ஜெபிக்க வைத்தேன் என்பதும் பொய். ஆனால் நடந்ததில் எனக்கு வெட்கமில்லை. என் வேலைக் காலத்தில் எதை நினைத்தால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் பிரியாவுக்காக மட்டுமில்லை, எனக்காகவும் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் செல்லூரில் விசைத்தறி வேலை. தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தே வளர்ந்ததால், எந்தக் கூச்சலிலும் எனக்குப் புத்தகம் ஓடும். மிஷன் பள்ளிக்கூடம், ஆங்கில இலக்கியம், பிறகு இறையியல், பிறகு பரவை போகிற பாதையில் இருந்த எங்கள் கல்லூரியில் ஆசிரியை வேலை. இடையில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல்கள் கிடைக்கும். வேற்றுக் கிரகத்து மனிதர்கள், பேசும் இயந்திரங்கள், மந்திரவாதிகளின் ராஜ்யங்கள். உபதேச நூல்களை மேஜையில் வைத்தும் இவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்தும் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. நாம் யார், யார் நம்மைச் செய்தது, எங்கே கெட்டுப்போனோம், யாராவது வருவார்களா?

இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தது எரிச்சலில்தான். மாணவர்கள் உபதேசத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். மனிதன் பாவத்தில் விழுந்த விழுகை என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒரு பக்கம் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்றால் கூரையைப் பார்ப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலின் கதையைச் சொன்னேன். ஒரு கிரகம், முழுக்கக் கடல். அதில் பாவம் என்ற ஒன்றே அறியாத ஜனங்கள் வாழ்கிறார்கள். பூமியிலிருந்து ஒரு பாதிரியார் அங்கே போய் இறங்குகிறார்.

"இப்பச் சொல்லுங்க. அவங்களுக்கு ஞானஸ்நானம் வேணுமா?"

ஒருவன், "தண்ணிக்குள்ளயே கெடக்குறவங்கள எங்குட்டு டீச்சர் முக்குறது?" என்றான். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மேரி எழுந்தாள். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காதவள்.

"மொதல்ல அவுகளுக்குள்ள சாதி இருக்கான்னு கேளுங்க டீச்சர். இல்லன்னா, அவுக இங்க வந்து நமக்கு ஞானஸ்நானம் குடுக்கட்டும்" என்றாள்.

விழுகையைப் பற்றி நான் வாசித்திருந்த தடித்தடி நூல்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியங்கள் நாவலுக்கு என்று ஆனது.

ஆனதும் புகாரும் வந்தது. ஒரு மாணவனுடைய சொந்தச் சபையின் போதகர், ரூபி டீச்சர் பிள்ளைகளுக்கு மந்திரவாதப் புத்தகம் சொல்லிக்கொடுக்கிறார் என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டார். பிரின்சிபால் ஞானமுத்து ஐயா என்னைக் கூப்பிட்டார்.

ஐயாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நெட்டையான ஆள், கதர் ஜிப்பா, சத்தம் உயராத பேச்சு. அவரிடம் யார் பிராது கொண்டுபோனாலும் ஒரே நடைமுறைதான். முதலில் உட்கார வைப்பார், மோர் கொடுப்பார். நாம் ஆரம்பித்ததும் கையை உயர்த்துவார். "இருங்க. உங்க பக்கம் இருக்கட்டும். மொதல்ல அவுக பக்கத்த நீங்க சொல்லுங்க. அவுக காதுல விழுந்தா 'ஆமா, அதான்'னு சொல்லணும். அப்படிச் சொல்ற வரைக்கும் உங்க பக்கத்த நான் கேக்க மாட்டேன்" என்பார். இதற்குப் பயந்தே பாதிப் பிராதுகள் அவர் அறைக்கு வெளியிலேயே செத்துப்போகும். அவரிடம் பிராது கொடுக்கப் போனவன் எதிராளிக்கு வக்கீலாகத் திரும்பி வருவான் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

எனக்கும் அதே மோர், அதே கேள்வி. புகார் சொன்ன போதகரின் பக்கத்தை நான் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அந்தப் போதகர் ஊரில் ஜனங்கள் காய்ச்சலுக்கும் மந்திரவாதியைத்தான் தேடுகிறார்கள். பிள்ளைக்கு மருந்து வாங்காமல் தாயத்து வாங்குகிறார்கள். அதை எதிர்த்தே அவர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். தான் படிக்க அனுப்பிய பையன் விடுமுறைக்கு வந்து மந்திரவாதி கதை சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? சொல்லி முடிக்கும்போது என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை மோர் பார்த்துக்கொண்டது.

பிறகு என் பக்கத்தையும் கேட்டார். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு சட்டம் மட்டும் போட்டார். நாவல் திறந்திருக்கும்போது உபதேச நூலும் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். நாவலில் வரும் எந்தப் பாத்திரத்தையும் காட்டி 'இவர்தான் கிறிஸ்து' என்று யாரும் சொல்லக்கூடாது. "பாக்குற எடமெல்லாம் அவர்தான்னு சொல்றவன், அப்புறம் ஒரு எடத்துலயும் நின்னு பாக்க மாட்டான்" என்றார். சட்டத்தை மீறுகிறவர் வகுப்புக்கே வடை வாங்கித் தர வேண்டும் என்று நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். ஒருமுறை ஐயாவே வந்து உட்கார்ந்து, பேச்சு வாக்கில் சட்டத்தை மீறி, மறு பேச்சில்லாமல் வடைக்கு ஆளனுப்பினார்.

வகுப்பு நடக்கும் முறை இதுதான். வலப்பக்கம் உபதேசம், இடப்பக்கம் நாவல். ஒரு மாணவர் உபதேசத்தில் ஒரு பக்கம் வாசிப்பார். நாவலைத் தமிழில் நானே அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வேன். அவ்வளவு தடித்த ஆங்கிலத்தை வாசிக்க எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்போது வராது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். முடிவை அடுத்த வெள்ளிக்கிழமைதான் சொல்வேன். இடையில் ஒரு வாரம் அந்தக் கதையோடு அவர்கள் குடித்தனம் நடத்த வேண்டும். எப்படி முடியணும், எப்படி முடியும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசிக்க வேண்டும். சபை என்பதே அப்படித்தானே இருக்கிறது? கடைசி அத்தியாயம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள், நாம் இன்னும் வாசிக்கவில்லை. நம்பிக்கை என்ற பாடத்தை நான் இப்படித்தான் நடத்தினேன். சாப்பாட்டு வரிசையிலும் பஸ்ஸிலும் விடாமல் அதையே பேசுவார்கள்.

இந்தப் பழக்கத்தை அருள்ராஜ் அப்படியே பிரசங்க மேடைக்குக் கொண்டுபோனான். அங்கேதான் வந்தது வினை.

அருள்ராஜ் செல்லூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, அழைப்பு வந்தது என்று படிக்க வந்தவன். கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாள். இப்போது அவனுக்கு நரை விழுந்துவிட்டது. இருந்தாலும் என் மாணவன், அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன், கோவித்துக்கொள்ள மாட்டான். கடைசி வருஷ மாணவர்கள் ஞாயிறுதோறும் ஒரு கிராமச் சபையில் பயிற்சி எடுப்பார்கள். அந்தச் சபையின் செயலாளர் நல்லபடியாக அறிக்கை கொடுத்தால்தான் குருப்பட்டம். அருள்ராஜுக்குக் கிடைத்தது டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு சபை. அங்கே செயலாளர் பொன்னையா சார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சபை, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், ஆலயத்துக் கூரை எல்லாம் அவர் தோளில்தான் நின்றன.

அந்த மாதம் வகுப்பில் நான் சொன்ன நாவல் இது. மழை பொய்த்த ஒரு கிரகத்திலிருந்து ஜனங்கள் வெளியேறுகிறார்கள். போகும்போது ஒரு இயந்திரத்தை விட்டுவிட்டு, 'நாங்க வர்ற வரைக்கும் கிணத்தப் பாத்துக்க' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தினமும் மணல் காற்று கிணற்றை மூடுகிறது. தினமும் அது தூர் வாருகிறது. கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை.

அருள்ராஜ் அந்த ஞாயிறு இதைப் பிரசங்கத்தில் சொன்னான். எண்ணும் எழுத்துமாக இருந்த இயந்திரத்தின் பெயரை மாற்றி முத்து என்று வைத்தான். மிஷின் என்றும் சொன்னான், கதை என்றும் சொன்னான், எதையும் மறைக்கவில்லை. முத்து கிணற்றுக்குள் இறங்கித் தனியாகத் தூர் வாருவதைச் சொல்லி, கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினான். "மிச்சத்த அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன். அதுவரைக்கும் யோசிச்சுக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வந்த வாரமே அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. விடுதியில் தனி அறையில் படுத்தவன் எழ வாரக்கணக்காயிற்று.

அந்தச் சபையில் மன்றாட்டு ஜெபத்தின்போது யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அந்தப் பெயரை இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்வது வழக்கம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், பரீட்சை எழுதுகிற பிள்ளை. அடுத்த ஞாயிறு அருள்ராஜ் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் என்ற அம்மா, "அம்ம கண்ட சின்ன ஐயாவுக்கு" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். உடனே, "தனியா கெணறு காக்குற முத்துவுக்கு" என்றார். அதற்கும் ஆமென். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கொஞ்ச நாளில் குழந்தைகளும் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

பொன்னையா சார் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கே வந்துவிட்டார். உடம்பில் அம்மைத் தழும்போடு அருள்ராஜும், வகுப்பெடுத்த குற்றத்துக்காக நானும் ஐயா அறையில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு மோர் வந்தது. சார் தொடவில்லை.

"ஐயா, செத்தவங்களுக்கே நாம ஜெபம் பண்றதில்ல. இது பொறக்கவே இல்ல" என்று ஆரம்பித்தார். "இந்தத் தம்பிக்கு நான் அறிக்க குடுக்க முடியாது. பட்டம் இந்த வருசம் வேணாம்."

அருள்ராஜின் முகம் வெளுத்துவிட்டது. இந்த வருஷம் இல்லை என்றால் அடுத்த வருஷமும் நிச்சயமில்லை. சபைக்குள் பெயர் கெட்டால் அது லேசில் மறையாது. மனைவி நின்ற காலோடு வேலை பார்த்துப் படிக்க வைத்தது, மாமியார் வீட்டில் கேட்ட பேச்சு எல்லாம் எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா?

ஐயா கையை உயர்த்தினார். "அருள்ராஜ், மொதல்ல நீங்க சார் பக்கத்தச் சொல்லுங்க."

அவன் மோர் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். "நம்ம சனத்துக்கு ஒரு காலத்துல எழுத்தே குடுக்கல. எதச் சொன்னாலும் நம்புற கூட்டம்னு சிரிச்சாங்க. சார் ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிப் பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டு வந்து, 'நாங்க கேள்வி கேக்குற சனம்'னு நிமிந்து நடக்க வச்சிருக்காரு. நான் ஒரே ஒரு பிரசங்கம் பண்ணிட்டுப் போயிட்டேன். இப்ப டீக்கடையில, 'ஒங்க மிஷின் சாமிக்கு எண்ண விட்டாச்சா'ன்னு கேக்குறாங்களாம். சாருக்கு முத்து மேல கோவம் இல்ல ஐயா. தான் கட்டுனத நான் இடிச்சிட்டேன்னு நெனைக்கிறாரு."

பொன்னையா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா. அதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"இப்ப நீங்க சொல்லுங்க சார், தம்பி பக்கத்த."

"அது எனக்கு வராதுங்க."

"வாத்தியாருக்கு மாணவன் பக்கம் வராதா?"

சார் இழுத்து இழுத்துப் பேசினார். "தம்பி கதைய முடிச்சிருப்பான். அம்ம வந்தது அவன் தப்பில்ல."

"அது சாக்கு சார். பக்கம் இல்ல."

இதற்கு முன் எத்தனையோ பேர் அந்த இடத்தில் திணறி நான் பார்த்திருக்கிறேன். சார் வாத்தியார் அல்லவா, வகுப்பில் நிற்கிற மாதிரி எழுந்தே நின்றுவிட்டார். "கதைய முடிக்காம விட்டது தப்புன்னா... ஆண்டவரும் விட்டிருக்காரு. ஊதாரி மகன் திரும்பி வந்த கதையில மூத்தவன் கோவிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். அப்பா வெளிய வந்து கூப்புடுறாரு. அவன் உள்ள போனானா இல்லையா, சொல்லவே இல்ல. நானும் எத்தனையோ பிரசங்கத்துல அவன உள்ள அனுப்பி வச்சிருக்கேன். வேதத்துல அவன் இன்னமும் வெளியதான் நிக்கிறான்."

அப்படியே நின்றார். பிறகு தன்னைத் தானே பிடித்துக்கொண்டவர் போல, "அதுக்காக மிஷினுக்கு ஜெபம் பண்றது சரின்னு நான் சொல்ல வரல" என்று உட்கார்ந்து மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

முடிவு இப்படி ஆயிற்று. வருகிற ஞாயிறு அருள்ராஜ் போய்க் கதையின் மிச்சத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் சபையில் முத்துவின் பெயர் வந்தால், சார் தன் மனசாட்சிப்படி அறிக்கையைத் தராமல் விடலாம். ஐயா தலையிட மாட்டார்.

வெளியே வந்ததும் அருள்ராஜ் என்னை மடக்கினான். ஏனென்றால் முடிவு என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஜனங்கள் திரும்பி வருகிறார்கள். ஆனால் வருவது போனவர்கள் இல்லை, அவர்களுடைய பேரன் பேத்திகள். பாஷை மாறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, சந்தோஷமாகக் குடிக்கிறார்கள். இயந்திரம் அவர்களிடம், 'வந்துட்டீங்களா, நான் நிறுத்திக்கலாமா?' என்று கேட்கிறது. அவர்களுக்கு அது பேசுவது புரியவில்லை. பதில் வராததால் அது மறுபடி கிணற்றுக்குள் இறங்குகிறது. அத்தோடு புத்தகம் முடிகிறது.

"டீச்சர், இதச் சொன்னா அந்தச் சனம் அழுதுரும். அழுதா ஜெபம் பண்ணாம இருக்காது. முடிவ மாத்திச் சொல்லிரட்டுமா? போனவங்களே வந்து, முத்துவுக்கு மாலை போட்டு, ஊரக் கூட்டி விருந்து வச்சாங்கன்னு சொன்னா முடிஞ்சிரும். ஒருத்தரும் அதுக்கப்புறம் பேரச் சொல்ல மாட்டாங்க."

எனக்கும் ஆசைதான். அவன் மனைவியின் முகம் கண்முன் வந்தது. சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"சொல்லலாம். பட்டமும் கெடைக்கும்" என்றேன். "நாளைக்கு ஒரு பிள்ளையப் புதைச்சிட்டு நிக்கிற வீட்டுக்குப் போவ. அங்க நீ ஒரு வார்த்த சொல்லுவ. அன்னைக்கும் முடிவ மாத்திச் சொல்லுவியா அருள்?"

அவன் அம்மைத் தழும்பைச் சொறிந்துகொண்டே விடுதிப் பக்கம் போனான். அந்த வாரம் முழுக்க அவன் எந்த முடிவைச் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயாவும் நானும் திருமங்கலம் வழியாகக் கல்லுப்பட்டி பஸ்ஸில் போனோம். இறங்கி மக்காச்சோளக் காட்டு வழியாக நடந்து சேர்ந்தபோது ஆலயத்து வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பாக்கியம் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"டீச்சரம்மா, சார் வீட்டுக்காரம்மா எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. முத்து பேர எடுத்தா சின்ன ஐயாவுக்குப் பட்டம் கெடைக்காதாம்ல. நாங்க வாயத் தெறக்க மாட்டோம். பிள்ள பட்டம் வாங்கட்டும். முத்துவ மனசுக்குள்ள வச்சுக்கிருதோம்."

"கதைன்னு தெரியும்ல உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாமயா? அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டு, ஆளு வரல. அதுவரைக்கும் அந்தப் பயல அந்தரத்துல விட்ற முடியுமா?"

சிரித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அருள்ராஜ் மேடை ஏறினான். கிணறு, மணல் காற்று, தூர் வாருதல் எல்லாவற்றையும் ஒரு தரம் சுருக்கமாகச் சொன்னான். பிறகு ஜனங்கள் திரும்பி வந்தார்கள் என்று சொல்லி நிறுத்தினான். பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, பொன்னையா சாரையும் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்தபடியே சொன்னான். வந்தவர்களுக்குப் பாஷை தெரியவில்லை, முத்து கேட்டது, பதில் வரவில்லை, முத்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

"இம்புட்டுத்தான் கதை. இதுக்கு மேல எழுதுனவர் எழுதல. நல்லபடியா முடிச்சு வைக்க எனக்கும் ஆசதான். ஆனா இல்லாதத நான் சொல்லக்கூடாது" என்றான். அதற்குப் பிறகு கொஞ்சம்தான் பேசினான். நாம் கேட்பது புரிகிற ஒருவர் நமக்கு இருக்கிறார் என்று சொல்லிவிட்டு இறங்கினான். என் மாணவன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டம் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது.

மன்றாட்டு ஜெபம் வந்தது. அதை நடத்துகிறவர் பொன்னையா சார்தான். முன்னால் வந்து கண்ணை மூடி, "யாருக்காக ஜெபிக்கணுமோ பேரச் சொல்லுங்க" என்றார்.

ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் மச்சான் பெயரைச் சொன்னார். ஒரு பிள்ளை தன் ஆட்டுக்குட்டிக்கு என்றது. பிறகு சத்தமில்லை. பெண்கள் வரிசையை ஓரக்கண்ணால் பார்த்தேன். பாக்கியம் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண்ணின் தோள் குலுங்கியது. ஒரு குழந்தை "அம்மா, முத்து..." என்று ஆரம்பிக்க, அதன் வாயைத் தாய் பொத்தினாள். அத்தனை பேரும் அந்த ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அருள்ராஜ் தலையைக் குனிந்திருந்தான்.

பொன்னையா சார் கண்ணைத் திறந்தார். தன் சபையைப் பார்த்தார். எதற்காக இந்த மௌனம், யாருக்காக என்று அவருக்குப் புரிய நேரமாகவில்லை. அது பயத்தில் வந்த கீழ்ப்படிதல் இல்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கை கெடக்கூடாது என்று யோசித்துத் தீர்மானித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் எதை எதிர்பார்த்து அந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினாரோ அது அவர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சார் மறுபடி கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்றார். "போதும்னு சொல்ல ஆளில்லாம வேல பாத்துக்கிட்டு இருக்குற எல்லாருக்காகவும்..." கொஞ்சம் நிறுத்தினார். "முத்துவுக்காகவும்."

அவ்வளவு சத்தமான ஆமென் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பக்கத்தில் ஞானமுத்து ஐயாவும் சொன்னார். இது எந்த உபதேசத்தின் கீழ் வரும் என்று திரும்பும் வழியில் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரூபி, ஒரு நாளாவது சும்மா வாங்களேன்" என்றார்.

அறிக்கை அந்த வாரமே வந்தது. நல்லபடியாகத்தான் வந்தது.

குருப்பட்டம் கொடுக்கும் நாளில், ஆராதனை முடிந்ததும் புதிதாகப் பட்டம் பெற்றவரிடம் எல்லாரும் வரிசையில் போய் ஆசீர்வாதம் வாங்குவார்கள். பெற்றவர்களும் பெரியவர்களும்கூட அன்றைக்கு அந்த இளைய தலைக்கு முன்னால் முழங்காலிடுவார்கள். அருள்ராஜ் வெள்ளை அங்கியில் நின்றான், அவன் மனைவி ஒரு ஓரத்தில் அழுதும் சிரித்தும் நின்றாள். கரிசல் காட்டிலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள் மாதா கோயில் திருவிழா மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் ஆளாகப் பொன்னையா சார் போய் நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

சாருக்கு மூட்டு வலி, முழங்காலிட முடியாது. தலையை மட்டும் குனிந்தார். அருள்ராஜ் இரண்டு கையையும் அந்த நரைத்த தலைமேல் வைத்து, வழக்கமான ஆசீர்வாதத்தைச் சொன்னான். கையை எடுக்கவில்லை. குனிந்து மெதுவாகப் பேசினான், பின்னால் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"கெணறு நல்லாருக்கு சார். தண்ணி கெடக்கு. போதும், கொஞ்சம் உக்காருங்க."

சார் நிமிரவே இல்லை. தோள் இரண்டும் குலுங்கின. யாரோ கையைப் பிடித்துக்கொள்ள, முன்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அத்தனை காலமும் ஆராதனை முழுக்க நின்றுகொண்டே இருந்தவர் அவர்.

வரிசையில் அடுத்தது நான். முழங்காலிட்டேன்.